இடிக்கிற வீட்டின் சாமான் புது வீட்டுக்கு வரும் முன், உப்பை இறக்குங்கள்

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது. கீழக்கரையில் உம்மா வழியில் வந்த பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள். ராமநாதபுரத்தில் புது வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. பழைய வீட்டின் கதவு, ஜன்னல், பனங்கை (கூரையைத் தாங்குகிற பனைமரச் சட்டம்), ஓடு, தரைக்கல், கல்தூண் இவற்றில் எதைப் புது வீட்டில் அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம்? இடிக்க வருகிற காண்டிராக்டர் மொத்தச் சாமானுக்கும் ஒரே தொகை பேசுகிறார், சரி என்று சொல்லிவிடலாமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குத்தான் நாள் குறைவு. மொத்தத் தொகைக்குச் சம்மதிக்காதீர்கள். பழைய வீட்டுச் சாமான் வியாபாரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. மரம் கன அடிக்கு, இரும்பும் பித்தளையும் கிலோவுக்கு, கதவு ஜோடிக்கு, ஓடு நூற்றுக்கு. மொத்தமாகப் பேசினால் அந்தக் கணக்கெல்லாம் வாங்குகிறவர் மனசுக்குள்ளேயே இருந்துவிடும். ஒரு டேப்பை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். 7 அடி நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குலக் கனமுள்ள ஒரு நிலைக்கால் ஏறக்குறைய 1.17 கன அடி வரும். இரண்டு கால், மேல்சட்டம், கீழ்ப்படி சேர்ந்தால் ஒரே வாசலில் மூன்றரைக் கன அடியைத் தாண்டிவிடும். கீழக்கரையின் பெரிய வீடுகள் பலவற்றில் கப்பலில் வந்து இறங்கிய பர்மாத் தேக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட நிலை என்றால் அதன் மதிப்பு நீங்கள் நினைத்திருப்பதைவிடப் பல மடங்கு இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நாள் போய் விலை கேட்டுவிட்டு வாருங்கள். அங்கே சொல்வது விற்கிற விலை, உங்கள் கைக்கு வருவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் எதற்கு மதிப்பு, எதற்கு இல்லை என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

வேண்டியவற்றைத் தாளில் எழுதி, போட்டோ எடுத்து, அவை போக மீதிக்கு மட்டும் காண்டிராக்டரிடம் விலை பேசுங்கள். ஜேசிபி தெருவுக்குள் வருவதற்கு முன்னால் உங்கள் சாமான் வெளியே வந்துவிட வேண்டும். இதை ஒரு கொத்தனாரும் ஒரு ஆசாரியும் சேர்ந்து செய்ய வேண்டும்; கடப்பாரை பிடிக்கிற ஆட்களை மட்டும் வைத்துச் செய்கிற வேலை இல்லை. மேலிருந்து கீழே வர வேண்டும். முகட்டு ஓடு, பிறகு மற்ற ஓடு, பிறகு பனங்கை, உத்தரம், அதற்குப் பிறகுதான் ஜன்னலும் நிலையும். ஒவ்வொன்றுக்கும் பெயின்டில் ஒரு எண் போடுங்கள், எது எங்கே இருந்தது என்று போட்டோவிலும் அதே எண் தெரியட்டும். சாக்பீஸ் எண் முதல் மழையிலேயே போய்விடும்.

பெரிய கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கதவுக்குக் கீல் கிடையாது. பலகையின் ஒரு ஓரத்தில் மேலும் கீழும் மரத்திலேயே குடுமி விட்டிருப்பார்கள். மேல் குடுமி மேல்சட்டத்தின் குழியிலும், கீழ்க் குடுமி படியில் உள்ள குழியிலும் உட்கார்ந்து சுழலும். கதவை இரண்டு பேர் நெம்பித் தூக்கினால் கீழ்க் குடுமி குழியை விட்டு வெளியே வரும். அப்போது அடியை முன்னுக்கு இழுத்து மேலே உள்ளதைக் கீழே இறக்க வேண்டும். சில வீடுகளில் தூக்க இடமே இருக்காது, நிலையைப் பிரித்தால்தான் கதவு வரும். அது தெரியாமல் குடுமியை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடுவார்கள். குடுமி போன கதவு திரும்பக் கதவாகாது, பலகையாகத்தான் மிஞ்சும். அதேபோல நிலையின் மேல்சட்டம் இரண்டு பக்கமும் சுவருக்குள் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கொம்பையும் அறுக்க விடாதீர்கள். சுவரை உடைத்து முழுசாக எடுக்கச் சொல்லுங்கள், எப்படியும் இடிக்கப்போகிற சுவர்தானே.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கரையில் பழைய சாமானை வீட்டுக்குள் கொண்டுபோகிற எவரும் முதலில் யோசிக்க வேண்டியது உப்பைப் பற்றி. எங்கே வைப்பது, என்ன கலர் அடிப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கோயம்புத்தூரில் எடுத்த வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் இங்கே நிற்காது.

செங்கல், ஓடு, காரை, கல் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நிலத்தடியிலிருந்து ஏறியது, கடல்மணலோடு கலந்து வந்தது, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கொண்டுவந்து அப்பியது என்று வருஷக்கணக்கில் அந்தத் துளைகளில் உப்பு சேர்ந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு ஈரத்தை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பரலாக உறையும். உறைகிற பரல் துளையின் சுவரை நெருக்கித் தள்ளும். நம் கரையில் பல நாள் இரவில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டும், நடுப்பகலில் கீழே இறங்கும். ஆக, கரைவதும் உறைவதும் கிட்டத்தட்ட தினசரி வேலையாக நடக்கிறது. கீழ்ச்சுவரில் மூன்றடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து மாவாக உதிர்வது இதனால்தான். அப்படிப்பட்ட செங்கல்லைக் கழுவித் துடைத்து, வார்னிஷ் அடித்து ஹால் சுவரில் பதித்தால் உப்பும் கூடவே ஹாலுக்கு வந்துவிடும். வார்னிஷுக்குப் பின்னால் பரல் கட்டி, பளபளப்பான தோலோடு சேர்த்துச் செங்கல்லின் முகத்தையே உரித்துத் தள்ளும். பக்கத்தில் உள்ள புதுப்பூச்சையும் விடாது.

சோதித்துப் பார்க்க லேப் தேவையில்லை. ஓடு ஒன்றை நல்ல தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்துக் காலையில் எடுத்து நிழலில் நிறுத்துங்கள். முதலில் ஓரங்களும் உடைந்த விளிம்பும் காயும், நடுப்பகுதி கடைசியாகக் காயும். காய்கிற அந்த விளிம்பில் வெளிறிய கோடு ஒன்று எழும். சாயங்காலம் விரலால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டும். பொடி ஒட்டாத ஓடு பெரும்பாலும் கூரையின் மேல்வரிசையில் இருந்து மழையில் கழுவப்பட்டதாக இருக்கும். அதை உடனே எடுத்துக்கொள்ளலாம். பொடி ஒட்டுகிறதை ஊறப்போட வேண்டும். ஆர்.ஓ. மெஷின் பழுது பார்க்க வருகிறவர் கையில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. தொட்டியில் ஊற்றுகிற தண்ணீரின் அளவை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஊறிய பிறகு பாருங்கள், எண் எகிறியிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். எண் பெரிதாக ஏறாத நாளில் நிறுத்தலாம்.

ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு தொட்டி தொட்டியாகத் தண்ணீர் மாற்றச் சொல்வது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. குடத்துக்குக் காசு கொடுக்கிற ஊர் இது. போர் தண்ணீரில் ஊறப்போடுவதும் வீண், பல இடங்களில் அந்தத் தண்ணீரே உவர். நமக்கு வாய்த்த வழி ஐப்பசி, கார்த்திகை மழை. ஓடு, செங்கல், சின்னக் கற்கள் எல்லாவற்றையும் மொட்டைமாடியிலோ சிமென்ட் தளத்திலோ சாய்வாக, இடைவெளி விட்டு அடுக்கி மழையில் விட்டுவிடுங்கள். மண்ணில் அடுக்காதீர்கள், மண்ணின் உப்பு அடியிலிருந்து மறுபடி ஏறும். ஒரு நல்ல வடகிழக்குப் பருவம் செய்கிற வேலையைத் தொட்டியால் செய்ய முடியாது. வீட்டை இடிக்கும் நாளை உங்களால் தள்ளிப்போட முடியுமானால், புரட்டாசிக்குள் சாமான் வெளியே வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊறப்போட முடியாத பெரிய கல்லுக்குப் பத்துப்போட வேண்டும். பழைய நியூஸ்பேப்பரைக் கிழித்து நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கல்லின் மேல் அரை அங்குலக் கனத்துக்கு அப்புங்கள். காய்கிற கூழ் கல்லுக்குள் இருக்கிற உப்புத் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். முழுக்கக் காய்ந்ததும் உரித்துத் தூர எறிந்துவிட்டு மறுபடி போடுங்கள். உரித்த பேப்பரின் மேல் வெள்ளை படிவது குறையக் குறையக் கல் சுத்தமாகிறது என்று அர்த்தம்.

கல்லைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கீழக்கரை, ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துப் பழைய சுவர்களில் கடலிலிருந்து எடுத்த பவளக்கல் இருக்கலாம். முருகைக்கல் என்றும் சொல்வார்கள். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் சிதைந்து நிற்கிற தேவாலயச் சுவரைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கல்தான். மேலே பூ இதழ் போலவும் நட்சத்திரம் போலவும் அடுக்கடுக்காகக் கோலம் தெரியும், மேஜையில் வைத்தால் பார்ப்பவர் கண் எடுக்கமாட்டார். ஆனால் அதை அலங்காரமாக்காதீர்கள், விற்காதீர்கள், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கடும்பவள இனங்கள் அனைத்தும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. வீடு நூறு வருஷம் முந்தியது என்பதை வழியில் வண்டியை நிறுத்துகிற அதிகாரிக்கு நிரூபிக்க வேண்டிய நிலை உங்களுக்கு வரக் கூடாது. இடித்த மனையிலேயே இருக்கட்டும். வேறு இடத்துக்கு எடுத்துப்போக வேண்டிய அவசியம் இருந்தால் ராமநாதபுரத்தில் உள்ள மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வன அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருந்த 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் அமிழ்ந்துபோயின. வருஷக்கணக்காகப் பவளக்கல்லை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு பெரிய காரணம். பழைய கல்லுக்குச் சந்தையில் விலை இருக்கிறது என்று தெரிந்தால் புதுக் கல்லுக்கும் எவனாவது கடலில் இறங்குவான்.

மரத்துக்கு வருவோம். தேக்கா என்று பார்க்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஆசாரியை உளியால் மெல்லச் சீவச் சொல்லுங்கள். தங்க நிறத்தில், எண்ணெய்ப் பிசுபிசுப்போடு, பதனிட்ட தோலின் வாசனை வந்தால் தேக்கு. வேம்பு, பூவரசு, பலா எல்லாம் இந்தப் பக்கத்து வீடுகளில் உண்டு, அவையும் நல்ல மரங்களே. பழையது என்றால் தேக்கு மட்டும்தான் என்று நினைத்து மற்றதை விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். துளை இருக்கிற மரத்தில் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில நாள் விடுங்கள். மாவு மாதிரி புதுப்பொடி விழுந்திருந்தால் வண்டு உள்ளே வேலை செய்கிறது. வெண்காரத்தையும் போரிக் ஆசிட்டையும் வெந்நீரில் கரைத்து, பெயின்ட் எடுத்த மரத்தில் இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிட வேண்டும். மழையில் நனைந்தால் இந்த மருந்து கரைந்து போய்விடும் என்பதால் வீட்டுக்குள் வைக்கிற மரத்துக்குத்தான் இது சரி.

பனங்கைகளைக் காண்டிராக்டர் விறகு விலைக்குக் கேட்பார். கொடுக்காதீர்கள். இந்த மாவட்டத்தின் சொத்தே பனைதான். 2021-இல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. உங்கள் கூரையில் இருப்பது போல முற்றிய வைரம் பாய்ந்த மரம் இனி லேசில் கிடைக்காது. ஆனால் பனையைத் தேக்கு போல நினைத்து வேலை செய்தால் கெட்டுப்போகும். தேக்குக்கு வைரம் உள்ளே, பனைக்கு வைரம் வெளியே. கறுப்பு நாரோடிய வெளிப்பக்கம் இரும்பு போல நிற்கும், உள்பக்கம் சோறு. மெஷினில் போட்டு நாலு பக்கமும் இழைத்துப் பலகையாக்கச் சொன்னால் பலத்தை எல்லாம் சீவிவிட்டுச் சோற்றைக் கையில் கொடுப்பார்கள். வெளிமுகத்தைத் தொடாமல், கம்பி பிரஷால் நாரின் போக்கிலேயே தேய்த்து அழுக்கை மட்டும் எடுங்கள். உப்புத்தாள் கையில் பிடித்து ஒரே திசையில் இழுக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் சிலாம்பு கிளம்பிக் கைக்குள் ஏறும். ஆணி அடித்தால் பிளந்துவிடும், துளை போட்டுத்தான் ஸ்க்ரூ முடுக்க வேண்டும். துளை போடும்போது டிரில் பிட் சூடேறிப் புகைவரும். நிறுத்தி நிறுத்திப் போடுங்கள். வெட்டிய முனையில் தேன்மெழுகை உருக்கித் தடவுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

செய்து முடித்த பனங்கை எதற்கெல்லாம் ஆகும் என்றால், சுவரில் படுக்கவைத்துப் பித்தளைக் கொக்கி அடித்தால் வாசலருகே பை, குடை, தொப்பி மாட்டும் சட்டம். இரண்டை இணைத்தால் திண்ணையில் போட ஒரு பெஞ்சு. மாடிப்படிக் கைப்பிடியாகவும் போடலாம் என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. எவ்வளவு தேய்த்தாலும் சிலாம்பு பயம் முழுக்கப் போகாது, பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற இடம் அது. என்னைக் கேட்டால் மிக அழகான உபயோகம், ஒரு சின்ன அறையின் கூரைக்கு அடியில் பனங்கைகளை அதே பழைய இடைவெளியில் வரிசையாகப் பொருத்துவதுதான். கான்கிரீட் தளம் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், பனங்கை சும்மா படுத்திருக்கும். அண்ணாந்து பார்த்தால் பழைய வீட்டின் கூரை தெரியும்.

கதவை எடுத்துக்கொண்டால், எல்லாரும் செய்வது கதவைப் படுக்கப்போட்டு நாலு கால் வைத்து மேலே கண்ணாடி போடுவது. டைனிங் டேபிள் ஆகிவிடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முழுக் கதவு ஒன்று கையில் இருக்கும்போது அதைக் கதவாகவே நிறுத்த வழி இருக்கிறதா என்று கடைசி வரைக்கும் பாருங்கள். இடைஞ்சல் உயரம்தான். பழைய கதவுகள் குட்டை, புது வீட்டு வாசல் வழக்கமாக 7 அடி. பழைய நிலையை முழுசாகப் பொருத்தி, மேலே மிஞ்சுகிற இடத்தில் பழைய ஜன்னலின் மரக்கிராதியையோ காற்றுவாரிப் பலகையையோ வைத்து அடைத்துவிடலாம். காற்றும் வரும், உயரமும் சரியாகும். கடலைப் பார்த்த வெளிவாசலுக்கு வேண்டாம், தொழுகை அறைக்கோ உள்கூடத்துக்கோ வையுங்கள். கால் வைத்து மேஜையாகத்தான் செய்வோம் என்றால், கண்ணாடியைப் பலகைமேல் நேராக உட்கார வைக்காமல் ரப்பர் புஷ் வைத்துத் தூக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பெரிய கதவு ஒன்றுதான் இருக்கும், ராத்தா (அக்கா), காக்கா (அண்ணன்) எல்லாருக்கும் அதன்மேல் ஆசை இருக்கும். இரண்டு பலகையைப் பிரித்து ஆளுக்கொன்று எடுப்பதைவிட, அதை ஒரே வீட்டில் விட்டுவிட்டு உள்கதவுகளையும் ஜன்னல்களையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்வது நல்லது.

பழைய பெயின்டைச் சுரண்டும் முன் இதைப் படியுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் காவி என்று அடுக்கு அடுக்காக வரும்போது, ஒவ்வொரு அடுக்கிலும் அது இருக்கலாம். அந்தத் தூசி சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து. சாண்டர் மெஷின் வேண்டாம், தீயால் பொசுக்குவது வேண்டவே வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள். கீழே தார்ப்பாய் விரித்து, உதிர்ந்ததை எல்லாம் மூட்டை கட்டி அப்புறப்படுத்துங்கள். என்-95 முகக்கவசம் போடாத ஆளை இந்த வேலைக்கு விடாதீர்கள். துண்டைக் கட்டிக்கொண்டு செய்வது போதாது. தேய்ந்த பழைய வண்ணம் அப்படியே தெரிந்தால் அழகு என்று நினைத்தால், தளர்ந்த செதிலை ஈரமாக எடுத்துவிட்டு மேலே கிளியர் கோட் அடித்து, குழந்தைகள் கைக்கும் வாய்க்கும் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். தொட்டிலுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் அந்த மரம் ஆகாது.

ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி பதிப்பது சுலபமான வேலை, அழகும் கூட. தொல்லை தருவது கம்பிதான். கம்பி மரத்துக்குள் நுழைகிற இடத்தில் துரு ஊதிப் பெருத்து சட்டத்தைப் பிளந்திருக்கும். வெளியே தெரிகிற துருவை மட்டும் தேய்த்துவிட்டுப் பெயின்ட் அடித்தால் அடியில் இருக்கிற உப்பு சும்மா இருக்காது, ஒரு கச்சான் காலத்திலேயே கொப்புளம் கிளம்பும். கம்பியைக் கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். அதன்பிறகு கடுக்காயைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பூசுங்கள். அதில் உள்ள துவர்ப்புச் சத்து துருவோடு சேர்ந்து கருநீலமாக, பிறகு கறுப்பாக இறுகும். கடையில் விற்கிற துரு மாற்றும் திரவங்கள் சிலவற்றின் வேலையும் இதுதான். அதற்கு மேல் ஜிங்க் பிரைமர், அதற்கு மேல் கறுப்புப் பெயின்ட். மாட்டுவதற்கும் இணைப்பதற்கும் பித்தளை ஸ்க்ரூ அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ மட்டும். சாதாரண இரும்பு ஸ்க்ரூவை தேக்கில் முடுக்கினால் சுற்றிலும் மை சிந்தியது போல் கறுத்துவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பக்கம் சுவரை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும், இல்லாவிட்டால் ஓரத்திலிருந்து ரசம் கறுத்துக்கொண்டே வரும்.

ஓடுகளில் மங்களூர் ஓடு இருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனி பெயரும் சில சமயம் சின்னமும் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865-இல். பிறகு எத்தனையோ கம்பெனிகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை. ஒரே கூரையில் நாலைந்து முத்திரை கிடைப்பதும் உண்டு, எழுத்துப் பக்கம் தெரிகிற மாதிரி வரிசையாகச் சுவரில் மாட்டினால் அந்தக் கூரையை எந்தெந்தக் காலத்தில் மாற்றினார்கள் என்ற வரலாறே தெரியும். முட்டியால் தட்டிப் பார்த்து, கணீர் என்று கேட்டால் எடுங்கள், மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அரைவட்டமாக இருக்கும் நாட்டு ஓட்டைச் சுவரோடு நிறுத்தி உள்ளே சின்ன எல்.இ.டி. பல்பு வைத்தால் வெளிச்சம் மேலும் கீழும் மட்டும் வழியும். குண்டு பல்பு வேண்டாம், சூடு.

தரையைப் பொறுத்தவரை, காவித்தரையைப் பெயர்க்க முடியாது, முயற்சி செய்யாதீர்கள். ஆத்தங்குடிக் கல் (பூ வேலைப்பாடுள்ள சிமென்ட் தரைக்கல்) பதித்திருந்தால் அடியில் இருப்பது சுண்ணாம்புக் காரையா சிமென்டா என்று ஒரு மூலையில் பாருங்கள். சுண்ணாம்பு என்றால் பொறுமையாகப் பெயர்த்தால் முழுசாக வரும். சிமென்ட் என்றால் பாதிக்கு மேல் உடையும். உடைந்ததை வாசல்படியிலும் பால்கனியிலும் சில்லுத்தரையாகப் போடலாம். இரண்டையும் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது. ஆசிட் சிமென்டையும் சுண்ணாம்பையும் தின்றுவிடும், பூவின் நிறம் ஒரே கழுவலில் வெளுத்துப்போகும். சோப்புத் தண்ணீர், பிறகு துணியில் தொட்ட கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அவ்வளவு போதும்.

கல்தூணுக்கு எடைதான் முதல் கணக்கு. 8 அடி உயரம், 9 அங்குலச் சதுரம் உள்ள கருங்கல் தூண் 350 கிலோவுக்குக் கிட்ட வரும். குடியிருப்பு வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும்படி கணக்கிட்டுத்தான் வழக்கமாகப் போடுகிறார்கள். அந்தத் தூணை மாடி ஹாலில் ஒரே இடத்தில் நிறுத்தச் சொல்கிற இன்டீரியர்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். கீழ்த்தளத்தில், அதற்கென்று தனி அஸ்திவாரம் போட்டு, முன்வாசலில் நிறுத்துங்கள். வீடு கட்டிக்கொண்டிருக்கிறபோதே என்ஜினீயரிடம் சொன்னால் இது சின்ன வேலை, பிறகு செய்தால் தரையை உடைக்க வேண்டும்.

விட்டுவிட வேண்டியவையும் உண்டு. பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதை வெட்டிப் பூந்தொட்டி செய்கிற யோசனையே வேண்டாம். தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள், அதன் நார் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். எங்கேயாவது பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டை போட்டிருந்தால், கறுப்பாகத் தார் வாசனை அடித்தால், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றிய மரம் அது. தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல்.

சுவரில் பதிக்கிற எதையும், அது செங்கல்லோ ஓடோ கல்லோ, சுண்ணாம்புக் கலவையில் பதியுங்கள். சிமென்ட் பழைய செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் எளிதில் விடாது; மிச்ச உப்பு வெளியேற வழி தேடிக் கடைசியில் செங்கல்லின் முகத்தைத்தான் உடைத்துக்கொண்டு வரும். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பூசுவது இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை, வயசான கொத்தனார்களைக் கேட்டால் அளவு சொல்வார்கள். மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளை போதும். பின்னால் கொஞ்சம் உப்பு பூத்தாலும் பிரஷால் தட்டிவிட்டு மறுபடி வெள்ளை அடித்துக்கொள்ளலாம்.

மரத்தால் ஆன எதையும் அவசரப்பட்டுப் புதுச் சுவரில் மாட்டாதீர்கள். பூச்சு வேலை முடிந்த சுவருக்குள் மாசக்கணக்கில் ஈரம் இருக்கும், பழைய காய்ந்த மரம் அதைக் குடித்து நெளியும். சாமானை அதுவரை காற்றோட்டமான அறையில், தரையில் படாமல் கட்டை வைத்து, துணி போர்த்தி அடுக்கி வையுங்கள். பிளாஸ்டிக் சுற்ற வேண்டாம். சுவர்மேல் ஒரு பங்குனி, சித்திரை வெயில் முழுசாக அடித்து முடிந்ததும், பின்னால் அரை அங்குலக் குச்சி கொடுத்துக் காற்றுப் போகிற இடைவெளி விட்டு மாட்டுங்கள். அதற்கு முந்தின நாள் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவைத்த பிறகுதான் குப்பையில் போட வேண்டும்.